ஆசிட் வேண்டாம், அரை மணி நேரம் போதும்

போர் தண்ணீர் வரும் வீடுகளில் குளியலறைக் குழாயின் அடியைச் சுற்றி வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டியிருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது. ஸ்டீல் நாரால் சுரண்டினால் பொருக்கோடு குழாயின் பளபளப்பும் சேர்ந்து போகும். ஷவரில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டு, மிச்சத் துளைகளிலிருந்து தண்ணீர் திசைக்கொன்றாகப் பீய்ச்சும். கண்ணாடிக் கதவில் புள்ளி புள்ளியாகத் தழும்பு, டாய்லெட்டின் அடியில் பழுப்பு வளையம். பொங்கலுக்கோ விருந்தாளி வருகைக்கோ இரண்டு நாள் இருக்கும்போதுதான் இவையெல்லாம் கண்ணை உறுத்தத் தொடங்கும். உடனே தெருமுனைக் கடையிலோ, ‘ஆசிட், பினாயில்’ என்று கூவிக்கொண்டு வரும் வண்டிக்காரரிடமோ ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றிவிடுகிறோம். நுரைத்துப் பொங்குகிறது, நெடி ஏறுகிறது, ஐந்து நிமிடத்தில் வெள்ளை காணாமல் போகிறது.

அதோடு சேர்ந்து வேறு என்னென்ன போயின என்பது சில மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். டைல்ஸ் இடுக்கில் பூசிய ஒயிட் சிமெண்ட் பொடிந்து உதிரும். அந்த இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாகப் படரும். ஆசிட் நேரே படாத இடங்களிலும், அதன் ஆவி பட்டே, கதவுக் கீலும் டவல் கம்பியும் தரைச் சல்லடையும் துருப்பிடிக்கும். குரோமியம் பூசிய குழாய்களில் பூச்சு உரிந்து உள்ளே இருக்கும் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவு சாத்திய சின்ன அறைக்குள் குந்தி உட்கார்ந்து தேய்த்தவரின் நெஞ்சுக்குள் அந்த ஆவி போயிருக்கும்.

வீட்டில் போகவே போகாது என்று நாம் கைவிட்ட கறைகள் பெரும்பாலும் நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் கரைக்க ஏற்ற பொருள் இருக்கிறது. பாதிக்கு மேல் அடுப்படியிலேயே இருக்கிறது. அந்தப் பொருள் வேலை செய்ய நாம் நேரம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் இருந்த வேதியியலாளர் ஹெர்பெர்ட் சின்னர், சுத்தம் செய்தல் என்பதை நான்கு கூறுகளாகப் பிரித்துச் சொன்னார்: கரைக்கும் பொருள், தேய்ப்பு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும். சலவைத் தொழிலிலும் ஓட்டல் பராமரிப்பிலும் இன்றும் இதுதான் பாலபாடம். நம் வீடுகளில் நேரத்தைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். அதற்கு ஈடாகக் கூடியவை இரண்டு: ஆசிட்டின் வீரியம், தேய்ப்பவரின் தோள்வலி.

தண்ணீரோடு வரும் கல்

வெள்ளைப் பொருக்கில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் தமிழ்நாட்டு வீடுகளின் முதல் எதிரி அதுதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறது. போர் போட்டு அதை மேலே இழுக்கிறோம். குழாயில் ஒரு சொட்டு நின்று காயும்போதும், கீசரில் சூடாகும்போதும் வாயு பறந்துவிடும். கரைந்திருந்த கல் மறுபடி கல்லாகவே படியும். கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பு அடித்த சுவர் காய்ந்து இறுகியதும் அதன் மேல் இருப்பதும் இதே பொருள்தான்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த 600 என்பதை ஒரு 20 லிட்டர் வாளிக்குக் கணக்குப் போட்டால், கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடாக 12 கிராம் தாது வருகிறது. நாளுக்கு எத்தனை வாளி, வருடத்துக்கு எத்தனை நாள் என்று பெருக்கிப் பார்த்தால், ஷவர் ஏன் அடைக்கிறது என்று வியக்கத் தேவையிருக்காது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீருக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று பிரித்து வைத்த வீடுகளில் போய்ப் பாருங்கள். ஒரே குளியலறையில் ஒரு குழாய் புதிது போலவும் இன்னொன்று பூத்துப்போயும் இருக்கும்.

சோப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. குளியல் சோப்பு கால்சியத்தோடு கூடினால் நுரைக்காமல் பிசுபிசுப்பான வெள்ளைப் படலமாக மாறும். பக்கெட்டின் உள்விளிம்பில், சுவரில் இடுப்பளவு உயரத்தில், கண்ணாடிக் கதவில் மங்கலாகத் தெரிவது இந்தப் படலம்தான். அதன் மேல் மறுபடி சோப்பு போட்டால் படலம் இன்னும் கனக்கும்.

சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் கடை ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஐந்து நிமிடத்தில் அது செய்வதை, வினிகரோ சிட்ரிக் ஆசிட் தூளோ அரை மணியில் செய்துவிடும். பொருக்கு தடிமனாக இருந்தால் ஓர் இரவு பிடிக்கும். சிட்ரிக் ஆசிட்டை மளிகைக் கடையில், ‘எலுமிச்சை உப்பு’ என்று கேட்டாலும் தருவார்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போதும். இந்த அமிலம் கல்லோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இதுதான் முக்கியம். குழாயில் தெளித்தால் வழிந்து கீழே போய்விடும். பழைய பனியன் துணியைக் கரைசலில் நனைத்துக் குழாயின் அடியைச் சுற்றிக் கட்டிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விடலாம். ஷவரைக் கழற்ற முடிந்தால் பாத்திரத்தில் ஊறப் போடலாம். முடியாவிட்டால் பாலிதீன் பையில் கரைசலை ஊற்றி ஷவர் மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடலாம். திரும்பி வரும்போது பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு தடவை தேய்த்தால் உதிரும். குழாய் நுனியில் திருகிக் கழற்றும் சின்னச் சல்லடைக்கும் இதே வைத்தியம்தான். பிளம்பரை அழைத்து ‘தண்ணி ஃபோர்ஸ் இல்ல’ என்று சொல்வதற்கு முன்னால் அதைக் கழற்றிப் பாருங்கள். தங்க நிறம், கறுப்பு நிறம் பூசிய குழாய்களில் மட்டும் அமிலத்தை நீண்ட நேரம் விடக்கூடாது; சில நிமிடங்களில் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

டாய்லெட்டின் அடி வளையத்துக்கு இதையே கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும். தண்ணீரோடு சேர்த்து ஊற்றினால் கரைசல் நீர்த்துப்போகும். முதலில் குவளையால் உள்ளே நிற்கும் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, கெட்டியான சிட்ரிக் கரைசலை இரவில் ஊற்றி மூடிவிட வேண்டும். காலையில் பிரஷ் போட்டால் வளையம் அடுக்கடுக்காக வரும். பல வருட வளையம் என்றால் இரண்டு மூன்று இரவுகள் ஆகும். கொதிக்கும் நீர் மட்டும் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்.

வளையம் செம்பழுப்பாக இருந்தால் அது இரும்பு. போர் தண்ணீரில் கரைந்து வரும் இரும்பு, காற்று பட்டதும் துருவாகிப் படிகிறது. இங்கேதான் பலரும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறார்கள். பிளீச்சிங் இரும்பை மேலும் துருவாக்கிக் கறையை அழுத்தமாகப் பதித்துவிடும். துருவுக்கும் சிட்ரிக் அமிலம்தான் மருந்து. அது இரும்பைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

எந்தக் கல்லில் நிற்கிறீர்கள்?

ஆசிட் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. புது வீடு கட்டி முடித்ததும் டைல்ஸ் மேல் சிந்திய சிமெண்டை எடுக்கக் கொத்தனார்கள் ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அது ஒரு நாள் வேலை, கட்டுமானத்தின் கடைசி வேலை. தரை பளிச்சென்று மின்னுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர்கள் அதையே மாதாந்தரப் பழக்கமாக்கிக்கொண்டார்கள்.

டைல்ஸின் கண்ணாடிப் பூச்சு ஆசிட்டை ஓரளவு தாங்கும். கடப்பாக் கல் தாங்காது. கிராமங்களிலும் பழைய நகர வீடுகளிலும் சமையல் மேடை, அலமாரித் தட்டு, தொட்டி எல்லாம் கடப்பாக் கல்தான். அது சுண்ணாம்புப் பாறை. மார்பிளும் அதே குடும்பம். மொசைக் தரையில் சிமெண்டும் மார்பிள் சில்லுகளும் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல், கையால் வார்த்த சிமெண்ட் ஓடு. இவற்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மட்டுமல்ல, எலுமிச்சைச் சாறுகூடத் தழும்பு போடும். குழாய்ப் பொருக்கைக் கரைக்கும் அதே வேதிவினை தரையையே கரைக்கிறது. அந்தத் தழும்பைக் கழுவிப் போக்க முடியாது. மெருகு போடுபவரை வரவழைத்துத் தேய்த்துத்தான் எடுக்க முடியும்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கல் என்று தெரியாவிட்டால், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். குமிழி வந்தாலோ அந்த இடம் மங்கினாலோ, அமிலம் எதுவும் அந்த வீட்டுத் தரைக்கு ஆகாது. மிதமான சோப்புத் தண்ணீரும் நார்த் துணியும்தான். எண்ணெய் ஊறிய திட்டு இருந்தால் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்து அப்பி, மேலே பாலிதீன் போட்டு ஓர் இரவு விட்டால் எண்ணெயை உறிஞ்சும். கிரானைட்டுக்கும் இதே பற்று உதவும்.

டைல்ஸ் இடுக்குகளுக்கு ஒரு சின்ன முன்னேற்பாடு உண்டு. வினிகரோ சிட்ரிக் கரைசலோ போடுவதற்கு முன் சுவரையும் தரையையும் வெறும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிட வேண்டும். இடுக்குச் சிமெண்ட் ஏற்கெனவே தண்ணீர் குடித்திருந்தால் அமிலத்தை உள்ளே இழுக்காது. வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிட வேண்டும்.

அடுப்படி வேறு கணக்கு

சமையலறைக் கறைகளிடம் அமிலம் தோற்றுப்போகும். எக்ஸாஸ்ட் ஃபேனில் பழுப்பாக, பிசினாக ஒட்டிக்கொண்டிருப்பது தாளிப்பின் எண்ணெய் ஆவி. சூரியகாந்தி எண்ணெயும் நல்லெண்ணெயும் காற்றும் சூடும் பட்டுப்பட்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வார்னிஷ் போல இறுகிவிடுகின்றன. பாத்திரச் சோப்பு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. இதற்குக் காரம் வேண்டும், சூடும் வேண்டும்: சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து, கூடவே கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு அரை மணி ஊறப் போட வேண்டும். காரம் எண்ணெயைச் சோப்பாகவே மாற்றத் தொடங்கிவிடும்.

அலுமினியத்தில் மட்டும் சோடா கூடாது. சிம்னி வலைகள் பல அலுமினியம்தான், ஃபேன் இறக்கைகள் பலவும் அப்படியே. காரம் பட்டால் அலுமினியம் குமிழி விட்டுக் கரைந்து கறுக்கும். அதற்கு வெந்நீரும் பாத்திரத் திரவமும் மட்டும், ஊறும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பிசுக்கு புதிதாக இருக்கும்போதே ஒரு துணியில் இரண்டு சொட்டு சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பழைய எண்ணெய் புது எண்ணெயில் கரைந்து வந்துவிடும். சுவிட்ச் போர்டு, ஃபிரிட்ஜின் மேல்பக்கம், அலமாரிக் கைப்பிடி ஆகியவற்றுக்கு இது போதும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் இதெல்லாம்.

ஸ்டீல் சிங்க்கைப் பலரும் அழிவில்லாதது என்று நினைக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகி எஃகைக் காக்கிறது. கடை ஆசிட்டும் பிளீச்சிங்கும் அந்தப் படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் சிங்க்கில் தங்கி அவைதான் துருப்பிடிக்கும். பழி சிங்க்குக்குப் போகும். தேங்காய் நாரும் பீர்க்கங்காய்க் கூடும் இதைவிட எவ்வளவோ மேல்.

மஞ்சள் கறை தனி ரகம். வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவிலோ மேடையிலோ பட்ட மஞ்சளைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் சிவக்கும், ஏனென்றால் மஞ்சளின் நிறமி காரத்தில் நிறம் மாறும். பயப்பட வேண்டியதில்லை. அந்த நிறமியால் வெயிலைத் தாங்க முடியாது. டப்பாவைக் கழுவி மொட்டை மாடியில் ஒரு பகல் வைத்தால் வெளுத்துவிடும்.

பித்தளைக் குத்துவிளக்கில் பெரும்பாலோர் வரிசையை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். புளியை எடுத்து எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே தேய்க்கிறார்கள்; பிசுக்கு இருக்கும்வரை புளியால் களிம்பைத் தொட முடியாது. முதலில் வெந்நீரும் சீயக்காய்த் தூளும் போட்டு எண்ணெயை எடுக்க வேண்டும். பிறகு புளியும் உப்பும். புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். ஸ்வீடனின் மருந்தாளர் கார்ல் ஷீல 1769-ல் அதைத் தனியே பிரித்தெடுத்தார், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தையும் 1784-ல் அவர்தான் பிரித்தார். நம் வீட்டுப் பெண்கள் அதற்குப் பல தலைமுறை முன்பே அதன் வேலையை அறிந்து வைத்திருந்தார்கள். கழுவிய விளக்கை ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் விபூதி தொட்டு மெருகேற்றினால் மறு களிம்பு சீக்கிரம் ஏறாது.

ஒரு வார்த்தை சமையல் சோடா–வினிகர் கலவை பற்றி. இரண்டையும் சேர்த்தால் நுரை பொங்குவது வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். பொங்கி அடங்கியதும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டுவிட்டன. சுண்ணாம்புக்கு வினிகரைத் தனியாகவும், எண்ணெய்க்குச் சோடாவைத் தனியாகவும் பயன்படுத்துங்கள்.

மூச்சு

ஷீல 1774-ல் இன்னொன்றையும் கண்டார்: குளோரின். அந்த வாயுவை 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்ட தரையில் ஆசிட்டையோ ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரையோ ஊற்றினால் கிளம்புவது அதே வாயு. இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று நினைத்து அடைத்த குளியலறையில் கலப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டையும் எடுக்காதீர்கள். வினிகரும் சிட்ரிக்கும்கூட பிளீச்சிங்கோடு சேரக் கூடாது. தொண்டை எரிந்து கண்ணில் நீர் வழிந்தால் எதையும் கழுவிக்கொண்டு நிற்காமல் வெளியே ஓடி வந்து, மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலிலோ கண்ணிலோ ஆசிட் தெறித்தால் குறைந்தது 15, 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

2018-ல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் 6,235 பேரை சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவு அது. வீட்டைச் சுத்தம் செய்த பெண்களுக்கும், அதையே தொழிலாகச் செய்த பெண்களுக்கும், சுத்தம் செய்யாத பெண்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஜன்னல் உள்ள குளியலறைகளில், முத்திரை இட்ட பாட்டில்களில் வந்த திரவங்களைப் பயன்படுத்தியவர்களாகவே இருக்கக்கூடும். நம் ஊரில் காலையில் நான்கு வீடு ஏறி இறங்கும் ஓர் அக்கா, நான்கு குளியலறைகளிலும் பெயர் ஒட்டாத பாட்டிலில் வந்த ஆசிட்டை ஊற்றுகிறார். கையுறை இல்லை, காலில் செருப்பில்லை. அடுக்குமாடி வீடுகளில் பல குளியலறைகளுக்கு வெளிக்காற்றே கிடையாது.

ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் சில்லறை ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், எதற்காக வாங்குகிறார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். தெருவில் வரும் வண்டியில் பதிவேட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பாட்டிலை நாம் கேட்டு வாங்குவதால்தான் வண்டி தொடர்ந்து வருகிறது.

காயவிடாதீர்கள்

தண்ணீர் காய்ந்தால்தான் கல் படியும். குளித்து முடித்ததும் சுவரையும் கண்ணாடியையும் வைப்பரால் ஓர் இழுப்பு இழுத்து, குழாயை ஒரு துணியால் துடைத்துவிட்டால் பொருக்கு கட்டவே வழியில்லை. கடைசியாகக் குளிப்பவர் யாரோ அவர் செய்யட்டும், ஆணாக இருந்தாலும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் கண்ணாடி துடைக்கவும் ஓடு கழுவவும் எடுக்கிறார்கள். அதில் கல் இன்னும் அதிகம். அதைத் தரை துடைக்கவும் எடுக்காமல், டாய்லெட்டில் ஊற்றிவிடுவதே சரி. மழைநீரில் கல் இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாயின் ஒரு கிளையை ஒரு டிரம்முக்குத் திருப்பினால் கண்ணாடியும் குழாயும் கழுவ அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. வசதி உள்ளவர்கள் சாஃப்ட்னர் பொருத்தலாம். சாதாரண உப்பைக் கொண்டு அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை விற்பவரிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீசருக்குள் மக்னீசியக் கம்பி ஒன்று தொட்டிக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கும். சர்வீஸுக்கு வருபவரிடம் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லி, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஏற்கெனவே படிந்ததை எடுக்கும் வேலையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். நாளை குளியலறை கழுவும் நாள் என்றால், இன்று படுக்கப் போகுமுன் வீட்டில் இருப்பவர் ஒருவர் குழாய்க்கு நனைந்த துணியைச் சுற்றி, டாய்லெட்டில் சிட்ரிக் கரைசலை ஊற்றி வைத்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. காலையில் வரும் அக்காவுக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் நீளக் கைப்பிடி பிரஷ்ஷும் எடுத்துக் கொடுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்து சுரண்ட வேண்டியது, நின்றுகொண்டு கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்காக அவர் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது.